பழைய வி.சி.ஆரில் (வீடியோ கேசட் ஓட்டும் கருவியில்) படம் புள்ளி புள்ளியாகத் தெரிவது ஏன்? குறைந்த செலவில் சரிசெய்ய முடியுமா?

வி.சி.ஆரைத் திறந்தால் பளபளவென்று சாய்வாக நிற்கும் உலோக உருளைதான் ஹெட் டிரம். அதன் விளிம்பில் கடுகைவிடச் சிறிய ஹெட்கள் பதிந்திருக்கும். டேப்பின் காந்தப் பதிவைப் படிப்பவை அவையே. இந்தியாவில் விற்ற வி.சி.ஆர்.களில் இந்த டிரம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. டேப்பிலிருந்து உதிரும் துகள் ஹெட்டின் நுண்ணிய இடைவெளியை அடைத்தால் திரை முழுக்கப் புள்ளிதான். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் நிப்பிள் அடைத்துக்கொள்வதைப் போல: எண்ணெய் இருக்கும், சுடர் வராது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் (சீக்கிரம் உலரும் துப்புரவுத் திரவம்) நனைத்த வெள்ளைத் தாளை டிரம்மின் மேல் அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தாளில் பழுப்புக் கோடு விழும், அதுதான் அழுக்கு. மேலும் கீழும் தேய்க்கவே கூடாது, ஹெட் உடைந்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகே டேப்பைப் போடுங்கள்.

புள்ளி தெரிந்ததுமே கல்யாண கேசட் அழிந்துவிட்டதென்று பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பதிவு அப்படியே இருக்கிறது, அடைத்திருப்பது ஹெட்தான்.