விதிவிலக்கு விதியை மெய்ப்பிக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண்களுக்கு உயர்கணிதம் வராது என்றார் எங்கள் அலுவலக மூத்த அதிகாரி ஒருவர். 2014இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற மரியம் மிர்சாகானியை நினைவூட்டினேன். 'எக்ஸெப்ஷன் புரூவ்ஸ் த ரூல்' என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். விதிக்குப் பொருந்தாத ஒன்று எப்படி விதியை மெய்ப்பிக்கும்? 'புரூவ்' என்றால் இங்கே சோதிப்பது என்கிறாள் தோழி. எது சரி?

வ.

அன்புள்ள வ.,

அவர் சொன்னது அத்தொடரின் பொருளே அல்ல. அது நீதிமன்றத்துச் சரக்கு. இன்றைய ஸ்பெயினிலுள்ள காதிஸ் நகரில் பிறந்த பால்பஸ் ரோமக் குடியுரிமை பெற்றது செல்லாது என்று கி.மு. 56இல் வழக்கு வந்தது. அவருக்காக வாதாடியவர் ரோமின் புகழ்பெற்ற வழக்கறிஞர் சிசரோ. சில இனத்தாரோடு ரோம் செய்த உடன்படிக்கைகளில், 'இவர்களில் எவரையும் குடிமகனாக ஏற்கக் கூடாது' என்று தனியே எழுதியிருந்தது. விலக்கி எழுதிய இடத்தில் தடை என்றால், எழுதாத இடத்தில் அனுமதி உண்டு என்றுதானே ஆகிறது என்று கேட்டார் சிசரோ. பால்பஸ் வென்றார்; பின்னாளில் ரோமின் உயர்பதவியான கான்சலாகவும் ஆனார்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தத் தர்க்கம் லத்தீன் சட்ட வாசகமாகப் புழங்கியது. 'விலக்கு அளிக்கப்படாத இடங்களில், விலக்கே விதியை உறுதிசெய்கிறது' என்பது அதன் முழு வடிவம். பேச்சுவழக்கில் முன்பாதி உதிர்ந்துவிட்டது, குழப்பமெல்லாம் அதனால்தான். அருங்காட்சியக வாசலில் 'வெள்ளிக்கிழமை அனுமதி இலவசம்' என்று பலகை இருந்தால், மற்ற நாட்களில் கட்டணம் உண்டு என்று யாரும் சொல்லாமலே விளங்குகிறது அல்லவா? அவ்வளவுதான்.

உங்கள் தோழி சொல்லும் பொருளும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உண்டு. ஆனால் இத்தொடர் அதிலிருந்து பிறக்கவில்லை.

எப்படிப் பார்த்தாலும் அதிகாரியின் வாதம் நிற்காது. விலக்கு என்பது விதியை வகுத்தவரே எழுதித் தருவது. மிர்சாகானிக்கு அப்படி யார் எழுதித் தந்தார்கள்? 'வராது' என்பது உலகைப் பற்றிய ஒரு கூற்று. அதை வீழ்த்த ஒருவரே போதும். 2022இல் மரினா வியாசோவ்ஸ்காவும் அதே பதக்கத்தைப் பெற்றார்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இத்தொடரை இப்படிக் கையாண்டால், சாதிக்கும் ஒவ்வொரு பெண்ணும் பெண்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறாள். அடுத்த முறை அவரை எழுந்து போக விடாதீர்கள். இன்னும் எத்தனை பேர் வந்தால் உங்கள் விதி தவறென்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேளுங்கள்.