அந்தத் தனி அறை எதற்கு, தம்பி?

கேள்வி: எனக்கு வயது 31. மட்டக்களப்பில் அரச அலுவலகமொன்றில் வேலை. கத்தோலிக்கன், சின்ன வயதிலிருந்தே கோயில் பாடகர் குழுவில் இருக்கிறேன். எனக்கு ஆண்களில்தான் விருப்பம் என்பது பள்ளிக்கூடக் காலத்திலேயே தெரியும். யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எங்கே போனாலும் ஒருபால் திருமணச் சட்டம் பற்றித்தான் கதை. எங்கள் இளைஞர் கூட்டத்தில் "இவங்களை ஊரிலேயே வைக்கக் கூடாது" என்று ஒருவர் பேசினார். நானும் தலையாட்டினேன். அன்றிரவு நித்திரை இல்லை. வீட்டில் எனக்குக் கலியாணம் முற்றாக்கிவிட்டார்கள். தை மாதம் கலியாண எழுத்து, பதிவு. பெண்ணின் அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பும் காசில் கல்லடியில் வீடு எழும்புகிறது. மேலே எனக்கென்று ஒரு தனி அறை கேட்டேன், அதையும் போட்டுத் தருகிறார்கள், நல்ல சனம். வேண்டாமென்று சொன்னால் அம்மா தாங்கமாட்டா, பிரஷர்காரி. என் கேள்வி: என்னைப் போன்றவன் நற்கருணை வாங்கலாமா? இப்படி ஒரு சட்டம் வந்தால் கிறிஸ்தவன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?
- பெயர் வேண்டாம், மட்டக்களப்பு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் சட்டமும் வேதாகமமும்தான். இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். நடுவில், வீட்டு வேலையைப் பற்றிச் சொல்லும்போது, அந்தத் தனி அறை ஒரு வரியில் வந்து போகிறது. முதலில் அதைப் பேசுவோம்.

அந்த அறை எதற்கு?

கலியாணம் கட்டப்போகிற மாப்பிள்ளை பெண்வீட்டில் என்னென்னவோ கேட்பார். தனக்கு மட்டும் ஒரு அறை கேட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கந்தோர் வேலை என்று ஏதாவது காரணம் சொல்லியிருப்பீர்கள், அவர்களும் நம்பியிருப்பார்கள். ஆனால் இரவில் அந்தப் பிள்ளையைக் கீழே படுக்கவிட்டு, நீங்கள் மேலே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் அந்த அறை. இந்தக் கலியாணம் எப்படி இருக்கும் என்று பிளான் கீறும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் போய் விழுகிறவர்களுக்காக நான் இரக்கப்படுவேன். நீங்கள் தெரிந்துகொண்டே போகிறீர்கள்.

கடிதம் முழுக்கத் தேடினேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்ன படித்தவள், என்ன செய்கிறாள், போனில் உங்களோடு என்ன கதைக்கிறாள், ஒன்றுமே இல்லை. அண்ணன் வருகிறார், வீடு வருகிறது, சனம் வருகிறது. கழுத்தை நீட்டப் போகிறவளைக் காணவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட அண்ணன்மார் இங்கே எத்தனை பேர்! கட்டார் வெயிலில் நின்று அந்தப் பெண்ணின் அண்ணன் உழைக்கிற காசு சீமெந்தாகவும் கம்பியாகவும் கல்லடியில் வந்து இறங்குகிறது. அதில் ஒரு பங்கை, அவருடைய தங்கச்சியிடமிருந்து ஒளிந்துகொள்ள நீங்கள் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு "நல்ல சனம்" என்று வேறு எழுதுகிறீர்கள்.

உங்களைப் போன்றவர்கள் எனக்கு எழுதுவது புதிதல்ல. அவர்களைக் கட்டிய பெண்களும் எழுதுகிறார்கள். "அவர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். என்னைத் தொடுவதுதான் இல்லை. என்னில் என்ன குறை அக்கா?" என்று கேட்பார்கள். உடம்பு பிடிக்கவில்லையோ என்று சாப்பாட்டைக் குறைத்து மயங்கி விழுந்தவள் இருக்கிறாள். பிள்ளையில்லை என்று ஊர் கேட்கிற கேள்விக்கெல்லாம் தான் பதில் சொல்லி, ஆயித்தியமலை மாதாவுக்கு நேர்த்தி வைத்து நடந்து போனவள் இருக்கிறாள். காரணம் தெரிந்த புருஷன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாராம். வழியெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

எழுத்து முடிந்துவிட்டால் அவள் வெளியே வருவதும் லேசில்லை. நம் நாட்டின் பொதுத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்தான்: சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, திருமணத்தின்போதே இருந்த, தாம்பத்தியத்துக்கான தீராத இயலாமை (மலட்டுத்தன்மை அல்ல). இதில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் அவள்தான் நிரூபிக்க வேண்டும். கோயிலிலும் இது சின்ன விஷயமில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1098ஆம் பிரிவு, இல்லற வாழ்வையே குலைக்கக்கூடிய ஒன்றை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கினால் அந்தத் திருமணமே செல்லாது என்கிறது. பாதர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். அப்போது என்ன சொல்வதாக இருந்தீர்கள்?

இனி உங்கள் சட்டக் கேள்வி. நம் பாராளுமன்றத்தில் வந்தது திருமணச் சட்டமே இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளில் உங்களைப் போன்றவர்களைக் குற்றவாளியாக்கும் பகுதியை எடுக்க ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் போய்விட்டது. திருமணம் பற்றி வழக்கு நடந்தது இந்தியாவில். 2023 ஒக்டோபர் 17இல் அங்கே உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் கொடுக்க மறுத்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் உங்கள் கூட்டத்தில் கத்தியிருக்கிறார்கள்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் நடக்கும் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்று நம்புகிறவள் நான். அதை உங்களுக்காக மாற்றிச் சொல்ல மாட்டேன். அந்தத் திருமணத்தின் பெயரில் ஒரு பொய் நடக்க விடமாட்டேன் என்பதும் அதே நம்பிக்கைதான். ஆனால் ஒருவர் இப்படி இருப்பதற்காக மறியலில் போட ஒரு சட்டம் இருப்பது அநியாயம். இப்படி இருப்பது குற்றமல்ல என்று மறைந்த பாப்பரசர் பிரான்சிஸே 2023 ஜனவரியில் சொன்னார். மரியாதையோடும் பரிவோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. ஊரில் வைக்கக் கூடாது என்றவருக்கு அதைப் படித்துக் காட்ட ஆள் இல்லாமல் போனது அந்தக் கூட்டத்தின் குறை. நீங்கள் தலையாட்டியது பயத்தில். அதற்கு ஏச மாட்டேன்.

நற்கருணை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் விருப்பம் எதுவாக இருந்தாலும் அது மட்டுமே தடையாகிவிடாது. இந்த ஏமாற்றைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். அங்கே சொன்னதைப் பாதர் வெளியே விடமுடியாது.

செய்ய வேண்டியதைக் கேளுங்கள். தை மாதம் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் மாமாவையோ மூத்த ஒருவரையோ கூட்டிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போங்கள். கலியாணம் செய்யும் நிலையில் நான் இல்லை, பிழை முழுக்க என்னில்தான், பிள்ளையில் ஒரு குறையும் இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அம்மாவை அனுப்பிச் சொல்விக்க வேண்டாம். முழுக் காரணத்தையும் ஊருக்கு அவிழ்க்கத் தேவையில்லை, இந்த நாட்டுச் சட்டத்தில் அது ஆபத்தும்கூட. ஆனால் கலியாணம் குழம்பினால் நம் ஊரில் கதை பெண்ணின் தலையில்தான் விழும். அப்படி ஒரு கதை காதில் விழுந்தால், அது யார் வீட்டு வாசலாக இருந்தாலும், அங்கேயே நின்று மறுத்துச் சொல்வது உங்கள் கடமை. நகை, காசு ஏதாவது வாங்கியிருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். மேல் அறைக்கு ஆன செலவையும் கணக்குக் கேட்டுக் கொடுங்கள், வேண்டாமென்றாலும் கொடுங்கள்.

அம்மாவுக்குப் பிரஷர் என்கிறீர்கள். மகன் கடமை என்பது அம்மாவின் மருந்து, கிளினிக், கடைசிவரை கூட இருப்பது. அதை யாரையும் கட்டாமலே செய்யலாம். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையை வைத்துத்தான் அம்மாவின் பிரஷரைக் குறைக்க வேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை. அவ அழுவா, ஏசுவா, சில மாதம் முகம் பார்க்க மாட்டா. வீட்டை விட்டுப் போகாமல், திருப்பிப் பேசாமல், அதை நீங்கள் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.