மினசோட்டாவுக்கு புதுசா வர்றவங்க கேட்டதும் நான் சொன்னதும்

நான் அமெரிக்காவுல இந்த மினசோட்டா மாநிலத்துக்கு வந்தது 2012-ல. ஊரு விருதுநகர் பக்கம், வெயில தவிர வேற எதையும் பாக்காத ஆளு. புதுசா வர்றவங்க என்ன வேணா கேளுங்கன்னு சொன்னதுக்கு இத்தன கேள்வி வரும்னு நினைக்கல. ஒரு டம்ளர் காபிய வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன், ஒண்ணொண்ணா சொல்றேன்.

டல்லாஸ்காரன்: அக்கா, ஜனவரில மினியாபொலிஸ்ல ஜாயினிங். மைனஸ் முப்பதுன்னு பயமுறுத்துறாங்க, நெஜமா?

தம்பி, தினமும் இல்ல. சாதாரண ஜனவரி பகல்ல இருபது, இருபத்தஞ்சு ஃபாரன்ஹீட் இருக்கும், செல்சியஸ்ல மைனஸ் ஏழு, மைனஸ் நாலு (இங்க நான் சொல்ற டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான்). நடுவுல ஒரு வாரம் பத்து நாள் மைனசுக்கு போகும், அப்பதான் ஊரே ஒரு மாதிரி அமைதியாயிரும், பனிய மிதிச்சா புதுச் செருப்பு சத்தம் மாதிரி கறுக்கு கறுக்குன்னு கேக்கும். 2019 ஜனவரி கடைசில மைனஸ் 28 ஃபாரன்ஹீட் போச்சு, செல்சியஸ்ல மைனஸ் 33. அன்னிக்கு தபால்காரங்களே வரல, டெலிவரிய நிறுத்திட்டாங்க. நீங்க பாக்க வேண்டிய நம்பர் அது இல்ல, காத்தோட சேத்து சொல்ற 'விண்ட் சில்' நம்பர். அது மைனஸ் இருபது கிட்ட வந்துட்டா அரை மணி நேரத்துல தோலு விறைச்சு செத்துப்போற அளவுக்கு போயிரும், காது நுனியும் விரலும் தான் மொதல்ல. வீட்டுக்குள்ள பயம் வேணாம், அக்டோபர் 1-லருந்து ஏப்ரல் 30 வரைக்கும் வாடகை வீட்ல குறஞ்சது 68 டிகிரி சூடு குடுக்கணும்னு வீட்டு ஓனருக்கு சட்டமே இருக்கு. நாங்கல்லாம் உள்ள அரைக்கை சட்டைதான்.

குளிர்பயம்: சென்னைலருந்தே ஜாக்கெட் ஸ்வெட்டர் எல்லாம் வாங்கிட்டு வந்துரலாமா? இங்க சீப்பா இருக்கும்ல?

வாங்காதீங்க. நீங்க அங்க வாங்குறது ஊட்டி குளிருக்கு. விமானத்துல வந்து எறங்கி வீடு போய் சேர ஒரு கோட்டு, ஒரு குல்லா, ஷூ, அது போதும். மிச்சத்த இங்க வந்து வாங்குங்க, துணிமணிக்கு இந்த மாநிலத்துல சேல்ஸ் டாக்ஸ் கெடையாது, மளிகைக்கும் கெடையாது. இந்த ஊர பத்தி நல்லதா சொல்ல ஒரு விஷயம்.

நான் பண்ண முட்டாள்தனத்த சொல்றேன். வந்த மொத வாரம் தலைக்கு குளிச்சுட்டு, முடிய சரியா காய வைக்காம, ஜீன்ஸ் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன், நாலே நிமிஷம்தான். மூக்குக்குள்ள இருக்கிற முடி ஒவ்வொண்ணும் குச்சி மாதிரி நிக்கிறது தெரியுது. கண்ணு சிமிட்டுனா இமை ஒட்டுது. பஸ்ஸுல ஏறி பின்னல தொட்டா கயிறு மாதிரி விறைப்பா இருக்கு, உள்ள சூட்டுல அது உருகி கழுத்து வழியா சொட்டுது, பக்கத்துல உக்காந்திருந்த வயசான அம்மா ஒண்ணும் பேசாம தன் குல்லாவ கழட்டி என் கைல குடுத்துட்டாங்க. அந்த குல்லா இன்னும் என்கிட்ட இருக்கு.

அதனால: உடம்போட ஒட்டி ஒரு தெர்மல், அதுக்கு மேல கம்பளி இல்ல ஃப்ளீஸ், அதுக்கு மேல முட்டி வரைக்கும் வர்ற, காத்து புகாத கோட்டு. பருத்தி வேணாம், வேர்வைய பிடிச்சு வச்சுக்கிட்டு அதுவே ஐஸாகும். விரல் தனித்தனியா இருக்கிற கையுறைய விட நாலு விரலும் ஒண்ணா இருக்கிற 'மிட்டன்' ரொம்ப சூடு. பூட்ஸ் அரை சைஸ் பெருசா வாங்குங்க, ரெண்டு சாக்ஸ் திணிச்சு இறுக்கமா போட்டா ரத்தம் ஓடாது, காலு இன்னும்தான் சில்லிடும்.

திருச்சிக்காரன்: எனக்கு கராஜ் இல்லாத அபார்ட்மென்ட்தான் கெடச்சிருக்கு. கார் வெளிய நிக்கணும். என்ன பண்றது?

முடிஞ்சா மாசம் கொஞ்சம் கூட குடுத்தாவது கராஜ் உள்ள வீடா பாருங்க, இத நான் எல்லார்கிட்டயும் கெஞ்சி கேக்குறேன். முடியலன்னா, மொதல்ல பேட்டரிய செக் பண்ணுங்க, நாலஞ்சு வருஷ பழசுன்னா மாத்திருங்க, ஏன்னா அது சாகுறதுக்குன்னே மைனஸ் இருபது காலைய தேர்ந்தெடுக்கும். பெட்ரோல் அரை டேங்குக்கு கீழ விடாதீங்க. கண்ணாடி கழுவுற தண்ணி கோடைல ஊத்துனது குழாயிலயே உறஞ்சிரும், மைனஸ் இருபதுக்கு தாங்கும்னு எழுதியிருக்கிறத ஊத்துங்க. கண்ணாடில ஐஸ் பிடிச்சிருக்கேன்னு யாரும் சுடுதண்ணி கொண்டுபோய் ஊத்தாதீங்கப்பா, பட்டுனு விரிசல் விட்ரும், நம்ம ஆளுங்கதான் இத பண்றாங்க, வெந்நீர் மேல நமக்கு அவ்வளவு நம்பிக்கை. டிக்கில ஒரு போர்வை, சின்ன மண்வெட்டி, ஐஸ் சொரண்டி, டயர் வழுக்குனா அடில போட கொஞ்சம் மண்ணு வச்சுக்கோங்க.

ஓட்டுறது? மொத பனி விழுந்த அன்னிக்கு காலியா இருக்கிற பார்க்கிங் லாட்டுக்கு போங்க, மெதுவா ஓட்டி வேணும்னே பிரேக்க அமுக்கி பாருங்க. பெடல் காலுக்கடில கடகடன்னு உதறும், வண்டி வழுக்கிக்கிட்டு போகும், அது எப்படி இருக்கும்னு அங்கயே தெரிஞ்சுக்கிட்டா ரோட்ல பதறி ஸ்டியரிங்க ஒடிக்க மாட்டீங்க. ரோடு ஈரமா பளபளன்னு இருந்தா அது தண்ணின்னு நம்பாதீங்க. ரொம்ப குளிருல ரோட்டுக்கு போடுற உப்பும் வேல செய்யாது.

அப்பறம் 'ஸ்னோ எமர்ஜென்சி'. மினியாபொலிஸ்ல பெரிய பனி விழுந்தா மூணு நாளைக்கு தெருவுல எந்தப் பக்கம் நிறுத்தக்கூடாதுன்னு அறிவிப்பாங்க, மொத ராத்திரி முக்கிய ரோடு ரெண்டு பக்கமும் காலி பண்ணணும், மறுநாள் மத்த தெருவுல இரட்டைப்படை நம்பர் வீட்டுப் பக்கம், அதுக்கு மறுநாள் ஒத்தப்படைப் பக்கம். நான் ரெண்டாம் நாள மூணாம் நாள்னு நெனச்சு படுத்துட்டேன். காலைல எழுந்து பாத்தா வண்டி நின்ன எடத்துல சுத்தமா வழிச்ச ரோடு. ஒரு நிமிஷம் திருடு போயிருச்சுன்னே நெனச்சேன். தூக்கிட்டு போன வண்டிய மீட்க அபராதம், இழுவைக் கூலி, போயிட்டு வர டாக்சி. நம்ம தப்புதான், யார சொல்ல.

இன்னொண்ணு, கார் வாங்க ஞாயித்துக்கெழம கெளம்பாதீங்க. இங்க ஞாயிறு கார் விக்க சட்டப்படி தடை, ஷோரூம் எல்லாம் மூடிருக்கும்.

திருச்சிக்காரன்: லைசென்ஸ்?

இங்க குடி வந்து 60 நாளுக்குள்ள மினசோட்டா லைசென்ஸ் எடுக்கணும். நம்ம ஊர் லைசென்ஸ் இருந்தாலும் எழுத்துத் தேர்வும் உண்டு, ரோடு டெஸ்ட்டும் உண்டு. 40 கேள்வி, 32 சரியா போடணும். ரோடு டெஸ்ட்ல நடுவுல சொருகி நிறுத்துற 'பேரலல் பார்க்கிங்' கேப்பாங்க. முடிஞ்சா பனி வர்றதுக்கு முன்னாடி முடிச்சிருங்க.

மதுர மீனாட்சி: பாப்பாவுக்கு அஞ்சு வயசு. இந்தக் குளிருல ஸ்கூல்ல வெளிய விளையாட விடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

விடுவாங்கம்மா. ரொம்ப மோசமான நாள தவிர வெளியதான். மொத வருஷம் எனக்கு நெஞ்சு பதறுச்சு, எம் பையன் என்னடான்னா பனி மலைல உருண்டு கன்னம் செவந்து சிரிச்சுக்கிட்டு வர்றான். பூட்ஸ், பனி பேண்ட், கோட்டு, குல்லா, மிட்டன், அஞ்சும் குடுத்து விடணும், எல்லாத்துலயும் பேர் எழுதுங்க, மிட்டன் ரெண்டு ஜோடி கூடுதலா வாங்கி வைங்க, டிசம்பருக்குள்ள எப்படியும் ஒத்த மிட்டனா நாலு இருக்கும். முக்கியமான விஷயம், கார் சீட்ல உக்கார வைக்கும்போது அந்த உப்புன கோட்ட கழட்டிட்டு பெல்ட் போடுங்க, கோட்டோட போட்டா பெல்ட் இறுக்கமா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா இடிச்சா புள்ள நழுவிரும். பெல்ட் போட்டப்பறம் மேல போத்தி விடுங்க.

2023-லருந்து ஸ்கூல்ல காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் எல்லாப் பிள்ளைக்கும் இலவசம். சைவம்னா முன்கூட்டியே சொல்லி வைங்க.

இட்லி பைத்தியம்: மாவு பொங்குமா பொங்காதா? வாழ்வா சாவா கேள்வி.

பொங்கும். 'அவன்' அடுப்புல லைட்ட மட்டும் போட்டு, சூட்ட போடாம, உள்ள வச்சு மூடிருங்க. பாத்திரத்துக்கு அடில ஒரு தட்டு கட்டாயம், இல்லன்னா பொங்கி வழிஞ்சு காஞ்சத சொரண்டறது தனி வேல. அடுப்பு மேல ஒரு சீட்டு ஒட்டுங்க, 'உள்ள மாவு'ன்னு. எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ பீட்சாவுக்கு 425-ல அடுப்ப போட்டுட்டார். பிளாஸ்டிக் டப்பா. அதோட கதை அவ்வளவுதான்.

கறிவேப்பில செடி தெக்கு பாத்த ஜன்னல்ல வைங்க, குளிர்ல எல எல்லாம் கொட்டி குச்சியா நிக்கும், செத்துருச்சுன்னு தூக்கி போடாதீங்க, கொஞ்சமா தண்ணி ஊத்துங்க, ஏப்ரல்ல துளிர்க்கும். காய்க்கு இந்தியக் கடை இருக்கு, ஆனா என் ஓட்டு செயின்ட் பால்ல இருக்கிற மாங் மக்களோட சந்தைக்குத்தான். லாவோஸ்லருந்து போருக்கப்பறம் அகதியா வந்தவங்க, பாகற்காய், நீட்டு காராமணி, காரமான சின்ன பச்சமிளகா எல்லாம் இங்கயே வெளைவிச்சு விக்கிறாங்க. அங்க ஒரு பாட்டி மிளகாய கைல அள்ளி, காரம் காரம்னு நாக்க நீட்டி காட்டுவாங்க, நானும் தலையாட்டுவேன், எங்களுக்குள்ள மொழி அவ்வளவுதான்.

பேர் வேணாம்: அக்கா, எச்4-ல, அதான் வீட்டுக்காரரோட வேலை விசாவ சாந்து குடுக்கிற விசால, வந்து மூணு மாசம் ஆச்சு. வேலைக்கு போக முடியாது. கார் ஓட்ட தெரியாது. நாலரைக்கு இருட்டுது. குளிர விட இதுதான் தாங்கல.

இந்தக் கேள்விக்குத்தான்மா நான் இந்த காபியே போட்டேன். குளிருக்கு கோட்டு இருக்கு, இருட்டுக்கு யாரும் எதையும் கைல குடுக்க மாட்டாங்க. டிசம்பர்ல நாலரைக்கே சூரியன் போயிரும், காலைல ஏழே முக்காலுக்குத்தான் வரும். மொத வருஷம் நான் மதியம் மூணு மணிக்கு நைட்டியோட உக்காந்து ஜன்னல பாத்து அழுதுருக்கேன், காரணம் கேட்டா சொல்ல தெரியாது.

மொதல்ல டாக்டர பாருங்க, வைட்டமின் டி பாக்க சொல்லுங்க, மனசு சரியில்லன்னும் வாய தொறந்து சொல்லுங்க, இங்க குளிர்காலத்துல இது சகஜம், யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. ரெண்டாவது, பகல் வெளிச்சம் இருக்கும்போது தினம் இருபது நிமிஷம் வெளிய போயே ஆகணும், மைனசா இருந்தா மால் ஆஃப் அமெரிக்காவுக்குள்ள நடங்க, பெருசுங்க நிறைய பேர் காலைல அங்க நடக்கத்தான் வருவாங்க. டவுன்டவுன்ல இருந்தா ஸ்கைவே இருக்கு, கட்டடத்துக்கு கட்டடம் ரெண்டாவது மாடில கண்ணாடிப் பாலம், கோட்டே இல்லாம மைல் கணக்கா நடக்கலாம். லைப்ரரி கார்டு எடுங்க, இலவசம்தான். சனி ஞாயிறுல தமிழ்ச் சங்கத்துப் பள்ளிக்கூடம் நடக்குது, பாடம் நடத்த ஆள் எப்பவும் தேவைப்படும், மேப்பிள் குரோவ் கோயில்லயும் நம்ம ஜனம் நிறைய.

அப்பறம் ஒரு எடம் சொல்றேன், செயின்ட் பால்ல கோமோ பார்க்ல ஒரு பெரிய கண்ணாடி வீடு, உள்ள பனை ஜாதி மரமெல்லாம் நிக்கும், டிக்கெட் இல்ல, இஷ்டப்பட்டத உண்டியல்ல போடலாம். வெளிய முட்டளவு பனி. கதவ தொறந்து உள்ள காலெடுத்து வச்சா மூக்குக்கண்ணாடி ஆவி பிடிச்சு ஒண்ணும் தெரியாது, ஆனா ஈர மண்ணு வாசன வரும் பாருங்க, மழை பெஞ்ச மறுநாள் காலைல நம்ம வீட்டு கொல்லப்பக்கம் மாதிரி. பிப்ரவரில நான் மாசத்துக்கு ரெண்டு தடவ போயி பெஞ்ச்ல சும்மா உக்காந்திருப்பேன். நீங்களும் வாங்க.

கார் ஓட்ட கத்துக்கோங்க. இந்த வருஷமே.

புது ஆளு: பக்கத்து வீட்டுக்காரங்க நல்லா சிரிக்கிறாங்க, ஆனா வீட்டுக்கு கூப்பிடவே மாட்டேங்கிறாங்க?

இதுக்கு 'மினசோட்டா நைஸ்'னு பேரே இருக்கு. உங்க வண்டி பனில மாட்டுனா கேக்காமலே வந்து தள்ளுவாங்க, ஆனா சேந்து சாப்பிட ரெண்டு வருஷம் ஆகும். பழகிட்டா நம்ம ஆளுங்கதான்: வேணும்னாலும் மொதல்ல வேணாம்னு சொல்வாங்க, வீட்டுக்குள்ள செருப்ப கழட்டுவாங்க, கெளம்பறேன்னு சொல்லி வாசல்ல முக்கா மணி நேரம் பேசுவாங்க.

குழம்பிய மனிதன்: நேத்து புதன்கெழம மதியம் ஊரு முழுக்க சைரன்! போரா?

மாசத்தோட மொத புதன், மதியம் ஒரு மணி. சூறாவளி சைரன டெஸ்ட் பண்றாங்க. வேற நேரத்துல ஊதுனா மட்டும் பேஸ்மென்ட்டுக்கு ஓடுங்க.

ஒரே பொண்ணு: அப்பா அம்மாவ எந்த மாசம் கூப்பிடலாம்?

ஜூன்லருந்து செப்டம்பர். ஜூன் கடைசில ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சமா இருக்கும், எங்கப்பா நம்பவே இல்ல, கடிகாரத்த தட்டி பாத்தார். கொசு மட்டும் நம்ம ஊர தோக்கடிக்கும். இட்டாஸ்கா கூட்டிட்டு போங்க, மிசிசிப்பி ஆறு பொறக்கிற எடம், கல்லு மேல கால வச்சு ஆத்த தாண்டிரலாம். எங்கம்மா சேலைய தூக்கி சொருகிக்கிட்டு மூணு தடவ தாண்டுனாங்க.

சாகசப்பிரியன்: ஏரி மேல கார் நிறுத்தி மீன் பிடிக்கிறாங்களே, நானும் போலாமா?

நடக்கவே நாலு இஞ்ச் தெளிவான ஐஸ் வேணும், சின்ன காருக்கு ஒம்பது பத்து இஞ்ச். ஏரிக்கு ஏரி, எடத்துக்கு எடம் மாறும். தெரிஞ்ச ஆளோட போங்க, மொத வருஷம் கரைல நின்னு போட்டோ எடுத்தா போதும்.

குளிர்பயம்: கடைசியா ஒரு கேள்வி அக்கா, இந்த கோட்டு எல்லாத்தையும் எப்ப மடிச்சு உள்ள வைக்கலாம்?

2013-ல ஏப்ரல் கடைசில நல்லா வெயில் அடிச்சுதுன்னு எல்லாத்தையும் தொவச்சு பரண்ல ஏத்திட்டேன். மே மாசம் ரெண்டாந்தேதி, ஊர்ல கத்திரி ஆரம்பிக்கிற நேரம், தெக்க ரோச்செஸ்டர்ல ஒரு அடிக்கு மேல பனி கொட்டுச்சு. எங்க வீட்ல பூட்ஸ் இப்பல்லாம் ஜூன் வரைக்கும் வாசல்லயே கெடக்கும்.