குருத்தெலும்பு ஸ்லைடில் கொலாஜன் 2 ஆன்டிபாடி பிடிக்கவே இல்லை, குப்பி கெட்டுப்போச்சா?

கேட்டவர் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறாராம். ஆட்டு முழங்கால் குருத்தெலும்பில் கொலாஜன் 2 என்ற புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டும், அது ஒட்டிய இடத்தைக் காட்டும் பழுப்பு நிறம் வரவில்லை. கூரியரில் வரும்போதே ஐஸ் உருகிப்போயிருந்தது என்பதால் இந்தச் சந்தேகம்.

தம்பி, ஐஸை விடுங்க. ஓரிரு நாள் வெளியில் கிடந்ததும் கெட்டுப்போகிற சாமான் இல்லை அது. 2017இல் ஒக்கிப் புயல் அடித்துக் கரண்ட் நாள்கணக்கில் போனபோது எங்கள் ஃப்ரிட்ஜில் கிடந்த குப்பிகள் அப்புறமும் ஒழுங்காக வேலை செய்தன. உறையவைத்து உருக்கி மறுபடி உறையவைப்பதுதான் அதற்குக் கேடு.

எனக்குச் சந்தேகம் திசுவின் மேல்தான். குருத்தெலும்பில் கொலாஜன் இழைகளுக்கு நடுவே அக்ரிகான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்த புரதம், ஹயலுரோனிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியோடு சேர்ந்து, தண்ணீரை இழுத்து உப்பி, இடுக்கு விடாமல் அடைத்துக்கொண்டு கிடக்கும். போதாததற்கு, திசு கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் எல்லாவற்றையும் பிணைத்து இறுக்கிவிடும். ஆன்டிபாடியோ சுமார் 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு. எங்கே நுழையும்?

அந்தப் பிணைப்பைத் தளர்த்த மற்றத் திசுக்களைப் போல சிட்ரேட் கரைசலில் கொதிக்கவைத்தால் குருத்தெலும்பு பலநேரம் கண்ணாடியை விட்டுக் கழன்று மிதக்கும். அதனால் நான் அடைப்பைச் செரிக்கும் என்சைமைத்தான் சொல்வேன்: அமிலக் கரைசலில் புரதத்தை வெட்டும் பெப்சின், அல்லது ஹயலுரோனிக் அமிலத்தை வெட்டும் ஹயலுரோனிடேஸ், 37 டிகிரியில். பெப்சின் கொலாஜனையும் தின்றுவிடுமே என்று பயப்பட வேண்டாம். கொலாஜனின் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட முச்சுருள் குலையாதவரை அது பெரிதாகக் கைவைக்காது. திசுவிலிருந்து கொலாஜனைப் பிரித்தெடுக்கவே பெப்சினைத்தான் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு நேரம் என்பது செக்‌ஷனுக்கு செக்‌ஷன் மாறும். நாலைந்து ஸ்லைடுகளை வெவ்வேறு நேரத்தில் எடுத்துப் பாருங்க.

ஆன்டிபாடியை வீணாக்குவதற்கு முன் அக்ரிகானைச் சிவப்பாகக் காட்டும் சஃப்ரனின் ஓ சாயத்தைப் போட்டுவிடுங்க, விலையும் குறைவு. செரிமானத்துக்கு முன் நல்ல சிவப்பாகவும் பின் வெளிறியும் இருந்தால் என்சைம் வேலை செய்திருக்கிறது. சிவப்பு அப்படியே நின்றால் குப்பியைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஆன்டிபாடியோடு வந்த டேட்டாஷீட்டையும் ஒருமுறை பாருங்க. புரதத்தைச் சுருள் அவிழ்த்து ஜெல்லில் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு மட்டும் சோதித்தது என்றால், அது சுருள் அவிழ்ந்த புரதத்தை மட்டும் அடையாளம் காண்பதாக இருக்கலாம். திசுவில் சுருள் அவிழாமல் இருக்கும். இன்னொன்று, கொலாஜனில் ஒட்டும் முதல் ஆன்டிபாடி ஆட்டில் உண்டாக்கியதாக இருந்தால் அதை ஆட்டுத் திசுவில் போடாதீங்க. முதலாவதைப் பிடித்து நிறம் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி, திசுவிலேயே இருக்கிற ஆட்டின் சொந்த ஆன்டிபாடியான ஐஜிஜி எல்லாவற்றிலும் போய் ஒட்டி, ஸ்லைடு முழுக்கப் பழுப்பாகிவிடும்.

கன்ட்ரோலுக்கு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்லைடுகளுக்கு, தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். வடசேரிப் பக்கம் இறைச்சிக் கடையில் ஆட்டு மூச்சுக்குழாய் ஒரு துண்டு கேளுங்க. அதன் வளையங்களில் கொலாஜன் 2 தாராளம். கூடவே காலில் இருந்து தசைநாண் கொஞ்சம். அதில் இருப்பது பெரும்பாலும் கொலாஜன் 1, அதனால் நிறம் ஏறக்கூடாது. முதல் ஆன்டிபாடியே போடாத ஸ்லைடு ஒன்றும் வேணும். மூச்சுக்குழாயிலும் வரவில்லை என்றால் அப்புறம் குப்பியைப் பற்றிப் பேசலாம்.