கேள்வி நேரம்: மேயரிடம் போகாதீர்கள்

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் வாசகர்கள் இம்முறை லண்டன் நகரசபைகளைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளூராட்சிக் கணக்குப் பிரிவில் பேனா தேய்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஆசிரியர் கடிதக் கட்டை அப்படியே என் மேசையில் போட்டுவிட்டார்.

கே: மகள் ஹரோவில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் விளக்கு எரிவதில்லை. மேயருக்கு எழுதச் சொன்னேன். "மேயரால் ஒன்றும் ஆகாது அம்மா" என்று சிரிக்கிறாள். மேயரால் ஆகாத காரியமும் உண்டா? (வாசகி, வெள்ளவத்தை)

ப: மகள் சொல்வது சரி. ஹரோ மேயரின் கழுத்தில் சங்கிலி கிடக்கும். விழாக்களுக்குப் போவார், சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், வாக்குகள் சமமானால் தீர்ப்பு வாக்கு அளிப்பார். ஆண்டுக்கொரு முறை, மே மாதத்தில், உறுப்பினர்களே தங்களுள் ஒருவரை அந்த நாற்காலியில் அமர்த்துகிறார்கள். அவ்வளவுதான்.

தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது லண்டன் பரோ (தனி நகரசபை உள்ள பகுதி) ஒன்றின் சபைக் கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தேன். வேலைப்பாடுள்ள தண்டம் ஒன்றைத் தோளில் சுமந்தபடி ஊழியர் முன்னே வர, மேயர் பின்னே வந்தார்; எல்லாரும் எழுந்து நின்றார்கள். தண்டத்தை மேசையில் கிடத்திய பிறகே கூட்டம் தொடங்கியது. பிறகு வெகுநேரம் தோட்டக் கழிவுத் தொட்டிக்கு வாங்கும் கட்டணத்தைப் பற்றியே வாக்குவாதம். மேயர் பேச்சாளர்களை மாறி மாறி அழைத்ததோடு சரி. வசவெல்லாம் வாங்கிக்கொண்டு பதில் சொன்னவர், முன்வரிசையில் சாதாரணக் கோட்டோடு உட்கார்ந்திருந்த சபைத் தலைவர்.

அதிகாரம் அவரிடம்தான். அவரையும் உறுப்பினர்களே தெரிவு செய்கிறார்கள். நடைமுறையில் பெரும்பான்மைக் கட்சிக் குழுவின் தலைவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். அவர் அதிகபட்சம் ஒன்பது பேரைச் சேர்த்துக் கேபினட் அமைப்பார். ஒருவருக்கு வீடமைப்பு, ஒருவருக்கு நிதி, ஒருவருக்குக் குப்பையும் வீதியும். 2000ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முறை இது. மற்ற உறுப்பினர்கள் மேற்பார்வைக் குழுவில் இருந்து கேபினட்டைக் குடைந்து கேட்கலாம். கட்டட அனுமதிக் குழுவில் இருக்கலாம். இந்தக் குழுக்களின் ஆசனங்களைக் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பகிர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேபினட்டுக்கு அந்த விதி இல்லை. ஆளுங்கட்சிக்காரர்களே முழுவதையும் நிரப்பிக்கொள்ளலாம். நமது கொழும்பு மேயரோ கூட்டத்துக்கும் தலைவர், நிர்வாகத்துக்கும் தலைவர். அதைப் பார்த்துப் பழகிய நமக்கு அங்குள்ள ஏற்பாடு விசித்திரமாகத்தான் தெரியும்.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் சபையின் இணையத்தளத்தில் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தை மகள் குறித்து வைக்கட்டும். அசைவில்லை என்றால் வட்டார உறுப்பினர்களுக்கு எழுதட்டும். ஹரோவில் 22 வட்டாரங்களுக்கு 55 உறுப்பினர்கள். ஒரு வட்டாரத்துக்கு இருவர் அல்லது மூவர். எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புவது நல்லது. அவர்கள் வெவ்வேறு கட்சியாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது. எதற்கெடுத்தாலும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஓடும் நம்மூர்ப் பழக்கம் வேண்டாம். தெருவிளக்கு அவர் பொறுப்பல்ல.

கே: என் தம்பி ஈஸ்ட்ஹாமில் இருக்கிறான். அங்கே மேயரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்களாம், அவருக்கே முழு அதிகாரமாம். ஹரோக்காரர்கள் வேறு கதை சொல்கிறார்களே? (வாசகர், கொட்டாஞ்சேனை)

ப: இரண்டும் உண்மை. லண்டனின் 32 பரோக்களில் பெரும்பாலானவை ஹரோ மாதிரி. நியூஹாம், ஹக்னி, லூயிஷம், டவர் ஹாம்லெட்ஸ், குரோய்டன் ஆகியவை மேயரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் வழிக்குப் போனவை. ஈஸ்ட்ஹாம் நியூஹாமைச் சேர்ந்தது. அங்கே 2002 முதல் இந்த முறை.

நியூஹாமில் என்னை உறுத்துவது வேறொன்று. 2010, 2014, 2018 ஆகிய மூன்று தேர்தல்களிலும் 60 ஆசனங்களில் 60ஐயும் தொழிற்கட்சியே அள்ளியது. ஒரு வட்டாரத்துக்கு மூன்று ஆசனம் என்றால் வாக்காளருக்கும் மூன்று வாக்கு. கட்சிக்காரர் மூன்றையும் தன் கட்சிக்கே போடுவார். முதல் மூன்று இடத்துக்கு வருபவர்கள் வெற்றி. இரண்டாவதாக வரும் கட்சி எவ்வளவு வாக்கு வாங்கினாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது. மேற்பார்வைக் குழுவிலும் ஆளுங்கட்சி உறுப்பினரே தன் கட்சி மேயரை விசாரிக்க வேண்டும். எவ்வளவு காரமாக விசாரிப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 2022இல் ஆசனங்கள் 66 ஆயின. பசுமைக் கட்சிக்கு இரண்டு கிடைத்தன.

கொழும்பில் நிலைமை நேர்மாறு. 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் விகிதாசாரம் என்ற கலப்பு முறையில் 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில், 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 48. ஜூன் 16ஆம் திகதி இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று அக்கட்சியின் விராய் கெலி பல்தசார் மேயரானார். யார் யாருக்குப் போட்டார்கள் என்ற ஆராய்ச்சி தேநீர்க் கடைகளில் பல நாள் நடந்தது. அந்த இழுபறி எனக்கும் பிடித்தமானதல்ல. ஆனாலும் 60க்கு 60ஐ விட அதுவே மேல் என்பேன்.

கே: மகன் மாணவர் விசாவில் போயிருக்கிறான், கையில் இலங்கைக் கடவுச்சீட்டு. கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாமா? வரியும் கட்டவேண்டுமா? (வாசகர், பம்பலப்பிட்டி)

ப: வாக்களிக்கலாம். இலங்கை பொதுநலவாய நாடு. அந்நாடுகளின் குடிமக்கள் செல்லுபடியாகும் விசாவோடு அங்கே வசித்தால் வாக்குரிமை உண்டு. வாக்காளர் பட்டியலில் முன்கூட்டியே பதிய வேண்டும். வாக்களிக்கப் போகும்போது படமுள்ள அடையாளம் கேட்பார்கள். நம் கடவுச்சீட்டே போதும். வேட்பாளராக நிற்கும் ஆசை வந்தால் மட்டும் நிரந்தர வதிவுரிமை கிடைக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலுள்ள எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் வரி கிடையாது. ஆனால் விலக்கு தானாக வீடு தேடி வராது; பல்கலைக்கழகச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் அவர்களோடு இருந்தால் அவர் பெயரில் பில் வரும், கால்பங்கு கழிவோடு. நம் சோலைவரி ஆண்டுப் பெறுமதியில் போடப்படுவது. அங்கே 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்று பார்த்து எட்டு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு கட்டிய தொடர்மாடிக்கும் 1991 விலைதான்!

கே: நம் மாநகர ஆணையாளர் போல அங்கே யார்? (வாசகர், மட்டக்குளி)

ப: தலைமை நிறைவேற்று அதிகாரி. சபை நியமிக்கும் ஊழியர். கட்சி மாறினாலும் அவர் இருப்பார். மூத்த அதிகாரிகள் கட்சிக்காக வாக்குக் கேட்டுத் தெருவில் இறங்கச் சட்டத்தில் இடமில்லை.

எனக்குப் பிடித்தவர் நிதிப் பொறுப்பதிகாரி. வரவுக்கு மிஞ்சிச் செலவு போகிறது என்று கண்டால், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி அவர் அறிக்கை விடுக்க வேண்டும். புதிய செலவுகள் அன்றே நின்றுவிடும். 21 நாளுக்குள் சபை கூடி வழி தேட வேண்டும். குரோய்டனில் 2020 நவம்பரிலும் பேர்மிங்ஹாமில் 2023 செப்டெம்பரிலும் இது நடந்தது. என் காலத்தில் இப்படியொரு பிரிவு கையில் இருந்திருந்தால் எத்தனை வவுச்சர்கள் வந்த வழியே திரும்பியிருக்கும்!

கே: அக்கா எப்சமில் இருக்கிறா. அதுவும் "பரோ"தானாம், ஆனால் வீதிப் பள்ளத்துக்கு வேறு கவுன்சிலைக் கேள் என்கிறார்களாம். (வாசகி, தெஹிவளை)

ப: எப்சம் லண்டன் பரோ அல்ல, சர்ரே கவுண்டிக்குள் (நம் மாவட்டம் போன்றது) இருப்பது. அங்கே இரண்டு அடுக்கு. குப்பை, கட்டட அனுமதி, வீடமைப்பு பரோவிடம். வீதி, பாடசாலை, முதியோர் பராமரிப்பு கவுண்டியிடம். பெரிய கட்சிகளைத் தள்ளிவைத்துவிட்டுக் குடியிருப்பாளர் சங்கங்களே 1937 முதல் பரோவை ஆண்டுவரும் அபூர்வமான ஊர் அது. இந்த இரண்டு அடுக்கை ஒன்றாக்கப் போவதாக 2024 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. அது நடக்கும்வரை அக்கா கவுன்சில் வரிப் பில்லைப் புரட்டிப் பார்க்கட்டும். கவுண்டிக்கு எவ்வளவு, பரோவுக்கு எவ்வளவு என்று தனித்தனியே போட்டிருப்பார்கள். பெரிய தொகை கவுண்டிக்குப் போகிறது. பள்ளத்துக்கும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.