நாலு பேர், ஒரு வீடு: இரவுக்கு யார்?

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். பேக்கிங் வேலைக்குப் போய் வருகிறான். அவனோடு பயிற்சி மையத்தில் பழகிய மூன்று பேரின் குடும்பங்களும் நாங்களும் சேர்ந்து, பிள்ளைகளுக்கு ஒரு வீடு வாங்கலாம் என்றிருக்கிறோம். எத்தனை சதுர அடி பார்க்கலாம்? (வாசகி, கோவை)

பதில்: சதுர அடி இருக்கட்டும். முதலில் ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். எதைத் தானே செய்கிறார், எதை நினைவூட்டினால் செய்வார், எதற்குக் கூட நின்று கை கொடுக்க வேண்டும் என்று இரண்டு வாரம், அரை மணிக்கு ஒரு வரியாக எழுதுங்கள். இரவும் சேர்த்தி. ‘எல்லாம் அவனே பார்த்துக்குவான்’ என்று சொல்லும் வீடுகளில்தான், அம்மா மாத்திரையைப் பிரித்து அவன் கையில் கொடுப்பது யார் கணக்கிலும் வராது.

அந்த நோட்டிலிருந்துதான் ஆள் கணக்கு வரும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்ப்பார் என்றால், எந்நேரமும் ஒரே ஓர் உதவியாளர் வீட்டில் இருப்பதற்கே மூன்றரை ஆள் வேண்டும். வார விடுப்பு போக மற்ற லீவு, காய்ச்சல், பொங்கல், தீபாவளி எல்லாம் சேர்த்தால் நாலுக்கு மேல். நால்வரும் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 4 வரை வேலைக்குப் போனால் 35 மணி நேரம் குறையும். மிச்சம் 133, அதற்கும் மூன்று ஆள் போதுமா போதாதா என்றுதான் இருக்கும். ஒருவர் உடம்புக்கு முடியாமல் வீட்டில் படுத்தால் பகலுக்கு யார் வருவது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். அதற்குத் தனிப் பணம் ஒதுக்க வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம், ‘தங்கி வேலை பார்க்க ஒரு புருஷன் பெண்டாட்டி கிடைத்துவிட்டார்கள்’ என்பது. 24 மணி நேரப் பொறுப்பை இரண்டு பேர் மட்டும் வருடக்கணக்கில் சுமக்க முடியாது. அவர்கள் ஊருக்குக் கிளம்பும் அன்று வீட்டைப் பூட்ட வேண்டிவரும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் மனை கடைசியில் மலிவாக இராது. பஸ் இல்லாத இடத்துக்கு இரவு டியூட்டிக்கு ஆள் வராது. உங்கள் மகனும் தானாக வேலைக்குப் போக முடியாது. பஸ் நிறுத்தம், மளிகைக் கடை, மருந்துக் கடை மூன்றும் நடக்கும் தூரத்தில் உள்ள வாடகை வீட்டில் ஆரம்பியுங்கள். முதலில் சனி, ஞாயிறு இரவுகள். பிறகு ஒரு முழு மாதம். பெற்றோர் நண்பர்கள் என்பதால் பிள்ளைகளும் ஒத்துப்போவார்கள் என்று எண்ண வேண்டாம். யாருடன் எங்கே வாழ்வது என்பது அவர்கள் உரிமை. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.

கேள்வி: வாடகை வீட்டைச் சக்கர நாற்காலிக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கொத்தனாரிடம் என்ன அளவு சொல்வது? (வாசகர், சேலம்)

பதில்: சாய்தளத்துக்கு 1-க்கு 12. வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் 18 அடி நீளம். இடமில்லை என்று ஆறடியில் முடித்துத் தருவார்கள். அதில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்கும்போது நாற்காலி ஓடும். நீளத்துக்கு இடமில்லாவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

கதவு திறந்த பின் கிடைக்கும் வழி 900 மி.மீ.; நிலையின் வெளி அளவைச் சொல்லி ஏமாற வேண்டாம். குளியலறையில் நாற்காலி திரும்ப 1500 மி.மீ. வட்டம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்: உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும். வலிப்பு வருபவர் இருந்தால் இதில் சமரசமே கூடாது. கழிப்பறை இருக்கை 450 முதல் 480 மி.மீ. உயரம். கைப்பிடியை ஹாலோ பிளாக் சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கினால், முழு எடையும் விழும் நாளில் கையோடு வந்துவிடும். திடமான செங்கல் அல்லது கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டிய வாசல் மேட்டை உடைத்து, தரைச் சரிவும் கம்பி மூடிய வடிகாலும் வையுங்கள்.

கேள்வி: வீட்டை நான்கு பிள்ளைகள் பேரில் பதிவு செய்யலாமா? என் மகளுக்கு 24 வயதாகிவிட்டதால் இனி என் கையெழுத்து செல்லாது என்று வங்கியில் சொல்கிறார்கள். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: நாலு பேர் பேரில் வேண்டாம். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அவர் பங்கைக் கேட்டு அண்ணன் தம்பி வருவார்கள். மற்ற மூவர் நடுத்தெருவில். வீடு ஒரு டிரஸ்டின் பேரில், குடியிருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தில், உதவியாளர்களை அமர்த்துவது தனி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். உதவியாளர் சரியில்லை என்றால் ஆளை மாற்றலாம், வீட்டை விட வேண்டியதில்லை. பராமரிப்பை நடத்துபவரே டிரஸ்டியாக இருந்தால் அவரை யார் கேள்வி கேட்பது? அசையாச் சொத்தை டிரஸ்டில் வைப்பதானால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உயில் வழியாகச் செய்ய வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில் வங்கி சொல்வது சரி. 18 வயதோடு பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் உரிமை முடிந்துவிடும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான குழுவிடம் சட்டப் பாதுகாவலர் நியமனம் கோரலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நியமனத்துக்குப் பின் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வருடக் கணக்கும் தர வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மனநோய்க்கு இந்த வழி பொருந்தாது.

மகளுக்குத் தன் வாடகை ஒப்பந்தம் புரிகிறது, உதவியோடு முடிவெடுக்கிறாள் என்றால் எல்லாவற்றுக்கும் பாதுகாவலர் தேவையில்லை. சொத்து, பெரிய தொகை போன்றவற்றுக்கு மட்டும் கேளுங்கள். அறுபதைத் தாண்டிய நீங்களே பாதுகாவலர் ஆகிறீர்கள் என்றால், உங்களுக்குப் பின் விண்ணப்பிக்கப்போகிறவரிடம் இப்போதே சம்மதம் வாங்கி, அவரை மாதம் ஓரிரவாவது அந்த வீட்டில் தங்கச் சொல்லுங்கள்.