பதில்: 940 நானோமீட்டர் விளக்கில் ஆந்தை தெரியவில்லை

பழைய சோனி ஹேண்டிகேம் வீடியோ கேமராவில் நைட்ஷாட் என்ற இருட்டில் படம் பிடிக்கும் வசதியைப் போட்டு, புதிதாக வாங்கிய 940 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு (கண்ணுக்குத் தெரியாத ஒளி) விளக்கின் ஒளியில் புளியமரத்து ஆந்தையைப் படம் பிடித்தால் ஒரே இருட்டு, கேமரா பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு விளக்கின் மேல்தான் சந்தேகம்.

முதலில் ஒரு சோதனை. நைட்ஷாட்டை இயக்கி, டிவி ரிமோட்டின் முனையை லென்ஸுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். பளிச்சென்று மின்னினால் கேமரா நலம். நைட்ஷாட் செய்வது எளிய வேலை: சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுத்து நிற்கும் வடிகட்டியை நகர்த்திவிடுகிறது. மின்னவே இல்லையென்றால் அந்த வடிகட்டி நகராமல் சிக்கியிருக்கலாம்.

கேமராவில் ஒளியை உணரும் சிலிக்கான் சென்சாரின் பார்வை 700 நானோமீட்டரைத் தாண்டியதும் மங்கத் தொடங்கி, 1100 அருகே அடியோடு நின்றுவிடும். 940இல் அது அரைக்குருடு. 850 நானோமீட்டர் விளக்கை வாங்குங்கள். அதே மின்சாரத்தில் படம் பல மடங்கு வெளிச்சமாக இருக்கும். விளக்கின் முகத்தில் மங்கலான சிவப்பு தெரியும் என்பது மட்டுமே குறை. ஆந்தை அதைப் பெரிதுபடுத்தாது என்றே நினைக்கிறேன். கேமராவிலேயே உள்ள சிறு விளக்கை நம்ப வேண்டாம், அது ஏறக்குறைய 3 மீட்டர்தான் எட்டும்.

இன்னொன்று: அகச்சிவப்பில் குவியம் (ஃபோகஸ்) சற்றே இடம் மாறும். பகலில் குவியத்தைச் சரிசெய்து வைத்துவிட்டு இரவில் அப்படியே எடுக்காதீர்கள். விளக்கைப் போட்ட பிறகு, கிளையைப் பார்த்துக் கையால் திருப்பிச் சரிசெய்யுங்கள்.